அப்பாவின் சிறுநீர்க் குழாய்: பூச்சுப் போட்டது வாங்கினால் அடைப்பு நிற்குமா?

தெம்பனிஸ்மகள்:
அப்பாவுக்கு ஐந்து மாதமாக கதீட்டர், முழு சிலிக்கோன் குழாய்தான். மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை, நேற்று ராத்திரி 2 மணிக்கு அடைத்துக்கொண்டு படுக்கையெல்லாம் ஈரம், வலியில் துடித்துவிட்டார். கடைக்காரர் பாலிமர் பூச்சுப் போட்டது வாங்கச் சொல்கிறார், எதுவுமே ஒட்டாதாம், விலை இரண்டு மடங்குக்கு மேல். எனக்குப் புரியாதது இதுதான்: சிலிக்கோனிலேயே தண்ணீர் தாமரை இலையில் மாதிரி உருண்டு ஓடுகிறதே, அப்புறம் அதில் என்ன ஒட்டுகிறது?

பூச்சுவேலைக்காரன்:
அக்கா, தாமரை இலைக் கணக்கு இங்கே தலைகீழ். தண்ணீரை விரட்டும் பரப்பில்தான் புரதம் ஆசையாகப் போய் உட்காரும், உள்ளே வைத்த சில நொடிகளிலேயே முதல் படலம் படிய ஆரம்பித்துவிடும், பாக்டீரியா அதன்மேல் வந்து குடித்தனம் நடத்தும். அதனால் பூச்சுக்குத் தண்ணீரைக் கட்டிப் பிடிக்கும் பாலிமர் வேண்டும். பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற பாலிமர் இதில் பழைய கை. அதன் இழைகளைப் புல் மாதிரி நெருக்கமாக நட்டால் புரதம் உட்கார அந்தத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும், லேசில் முடியாது. ஆனால் நாளாக ஆக ஆக்சிஜன் பட்டுச் சிதையும். நேர், எதிர் மின்னூட்டம் இரண்டும் உள்ள எம்.பி.சி. மாதிரியான பாலிமர்கள் தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், நம் செல் சவ்வைப் பார்த்துச் செய்தது அது.

பெரிய தலைவலி, எதுவும் ஒட்டக்கூடாத பூச்சையே சிலிக்கோனில் ஒட்டவைப்பது! சிப்பி பாறையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து 2007இல் பாலிடோபமைன் வந்தது, எந்தப் பரப்பிலும் ஒட்டும் அடிப்பூச்சு அது. நானும் முக்கிப் பார்த்திருக்கிறேன், தகடு, பீக்கர் எல்லாம் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறம்.

ஈசூன்தாதி:
தம்பி சொல்லும் வேதியியல் சரி. ஆனால் தங்கச்சி, இப்படிச் சீக்கிரமே அடைத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது படிகத்தை. கையுறை போட்டு, கழற்றிய குழாயின் நுனியை வெட்டித் தேய்த்துப் பாருங்கள், மணல் மாதிரி நறநறக்கிறதா? புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும், சிறுநீரில் காரத்தன்மை ஏறி, கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டாகச் சுண்ணாம்பு மாதிரி படியும். பூச்சுக்கு மேலே அது போர்வை போர்த்திவிட்டால் அடியில் எவ்வளவு விலையான பாலிமர் இருந்தும் என்ன? அடைக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டில் பலமாகத் தண்ணீர் அடித்து அடைப்பு எடுக்க வேண்டாம்.

தெம்பனிஸ்மகள்:
கழற்றியது குப்பைப் பையிலேயே இருந்தது, வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரே வெள்ளை, பேனா ரீஃபில்கூட நுழையாது. நறநறதான் அக்கா. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், செவ்வாய்க்கிழமை பலதுறை மருந்தகத்தில் கல் பற்றிக் கேட்கிறேன்.