கலைச்சொல் உதவி: ‘ஜென்ட்ரி’க்குத் தமிழில் என்ன? (பாஸ்டன் குடும்பத்துக் கொடிவழி)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த பாஸ்டன் குடும்பத்தின் முன்னோர் வரிசை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இல்லை. இது வடகடல் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.) பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த வீட்டார் எழுதிய கடிதங்கள் மூட்டை மூட்டையாகத் தப்பிப் பிழைத்தன. 1787இல் ஜான் ஃபென் முதல் தொகுதிகளை அச்சிட்டதிலிருந்து அந்தக் கால ஆங்கிலேய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இவற்றில்தான் கை வைக்கிறார்கள்.

எனக்கு முதல் வரியிலேயே சிக்கல். “பாஸ்டன்கள் இடைக்கால ஆங்கிலேய ஜென்ட்ரி குடும்பத்தார்” என்று எழுதிவிட்டு அந்த ஜென்ட்ரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே பட்டம் பெற்ற பிரபுக்கள், கீழே தன் நிலத்தைத் தானே உழுகிற யோமன். நடுவில் இருப்பவர்கள் இவர்கள். நைட், எஸ்குவயர், ஜென்டில்மேன் என்று இவர்களுக்குள்ளேயே மூன்று படி. நைட் பட்டமாவது ஒருவர் கொடுத்து வருவது. ஆண்டுக்கு 40 பவுண்டு நிலவருமானம் இருந்தும் நைட் ஆகாமல் இருந்தால் அரசர் தரப்பில் அபராதமே போடுவார்கள். கடைசிப் படியான ஜென்டில்மேனுக்கு அப்படி எதுவும் கிடையாது. நிலம் இருக்க வேண்டும், கையால் உழக் கூடாது, சுற்று வட்டாரம் ‘ஆமாம், இவர் அந்த வகை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1413இல் வந்த ஒரு சட்டம், வழக்கில் எதிராளியின் பேரோடு அவர் படிநிலையோ தொழிலோ, ஊரோடு சேர்த்து, எழுதியாக வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் ஆவணங்களில் ‘ஜென்டில்மேன்’ என்ற சொல் சரமாரியாக வர ஆரம்பிக்கிறது.

நான் போட்டுப் பார்த்துக் கழித்தவை:

பண்ணையார் என்றதும் திண்ணையும் சாட்டையும் கண்முன் வந்துவிடுகின்றன. தவிர, பாஸ்டன் வீட்டு ஆண்கள் பாதி நாள் லண்டனில் வழக்குமன்ற வாசலில்தான் கிடந்தார்கள். நிலவுடைமையாளர் என்றால் யோமனும் உள்ளே வந்துவிடுவார். மேட்டுக்குடி என்றால் டியூக்கும் உள்ளே வந்துவிடுவார். குறுநிலக்கிழார் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் குறுநில மன்னரின் தம்பி மாதிரி இருக்கிறது, இவர்கள் யாரையும் ஆளவில்லை. கனவான் வேர்ப்பொருளில் பொருந்தும்தான், இருந்தாலும் இன்றைக்கு அது மேடையில் “கனவான்களே” என்று கூப்பிட மட்டும் பயன்படுகிறது.

என் முன்மொழிவு: கிழார்குடி. கிழமை என்றால் உரிமை. ஊர்ப் பெயரோடு ‘கிழான்’, ‘உடையான்’ என்று நிலம் வைத்திருந்தவர்களைக் குறிப்பது சோழர் கல்வெட்டுகளில் சர்வ சாதாரணம். தலைமுறை தலைமுறையாக வருவதால் ‘குடி’ சேர்த்தேன். எப்படி இருக்கிறது?

---

மறுமொழி

தம்பி, கிழார் நல்ல எடுப்பு. “ஊரும் பெயரும் உடைத்தொழிற் கருவியும் யாரும் சார்த்தி அவையவை பெறுமே” என்று தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் எல்லாம் அப்படி வந்த பேர்கள்தாம். உங்கள் ஆட்களும் ‘பாஸ்டன் ஊரார்’ என்றுதானே ஆரம்பத்தில் எழுதப்பட்டிருப்பார்கள்?

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, நான் முப்பது வருடம் வகுப்பில் நின்றவன். கிழார் என்றதும் பையன்கள் கிழவர் என்று சிரிப்பார்கள். அது போகட்டும், சிரித்துவிட்டுப் படிப்பார்கள். இரண்டாவதுதான் பெரியது. ‘குடி’ எதற்கு? குடி என்றால் நம் வாசகர் பிறப்பு என்று எடுத்துக்கொள்வார், பிறகு சாதி என்று எடுத்துக்கொள்வார். உள்ளே புதிதாக ஒருவன் வர முடியாத வட்டம் என்று நினைத்துவிடுவார். உங்கள் பாஸ்டன்கள் அப்படியா?

---

மறு: மறுமொழி

ஐயா, வணக்கம்.

> உங்கள் ஆட்களும் ‘பாஸ்டன் ஊரார்’ என்றுதானே ஆரம்பத்தில் எழுதப்பட்டிருப்பார்கள்?

ஆமாம், ‘டி பாஸ்டன்’. கொடிவழி தேடுகிறவர்கள் வழுக்கி விழுகிற முதல் இடமும் அதுதான். பழைய சாசனம் ஒன்றில் ‘டி பாஸ்டன்’ என்று ஒருவர் சாட்சி போட்டிருந்தால், அவர் அந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஐம்பது வருடம் கழித்து அதே பேரோடு வருகிறவர் அவருடைய பேரனாகவும் இருக்கலாம், அவர் வயலில் வேலை செய்தவரின் பேரனாகவும் இருக்கலாம். நிலம் கைமாறிய பத்திரமோ மகன் என்று சொல்கிற வரியோ கிடைக்கிற வரை இரண்டு பேரையும் கோடு போட்டு இணைக்கக் கூடாது.

> உள்ளே புதிதாக ஒருவன் வர முடியாத வட்டம் என்று நினைத்துவிடுவார். உங்கள் பாஸ்டன்கள் அப்படியா?

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். ஏனென்றால் என் கட்டுரையின் சண்டையே இதுதான், நான் சொல்லை வைத்து அதை முதல் வரியிலேயே முடித்துவிடப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் மூலத்தைப் பற்றி இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன, இரண்டும் நேருக்கு நேர் முட்டுகின்றன. முதலாவது, எதிரி ஒருவர் எழுதி வைத்த குறிப்பு. பாஸ்டன் ஊரில் கிளமென்ட் என்று ஒருவர் இருந்தார், நல்ல எளிய விவசாயி. மழையோ வெயிலோ தன் ஏருக்குப் பின்னால் தானே நடந்தார். சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைத் தனக்கடியில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போவார், மாவையும் அப்படியே கொண்டுவருவார். மிஞ்சியதை வண்டியில் ஏற்றி விண்டர்டனுக்கு ஓட்டிப்போய் விற்பார். மிஞ்சி மிஞ்சிப் போனால் நூறு, நூற்றிருபது ஏக்கர், அதிலும் பெரும்பங்கு ஜிமிங்ஹாம் மேனருக்கு, அதாவது தனக்கென்று ஒரு மன்றமும் வைத்திருந்த பண்ணைக்கு, கட்டுப்பட்டது. ஓடையில் ஒரு சின்ன ஏழை ஆலை. மனைவியும் கட்டுப்பட்டவள், அதாவது பிறப்பிலேயே சுதந்திரம் இல்லாதவள். மகன் வில்லியமைக் கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார், தாய்மாமன் கைகொடுத்துச் சட்டம் படிக்க அனுப்பினார். இப்படிப் போகிறது. வில்லியம் அப்புறம் 1429இல் பொதுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியே ஆகிவிட்டார்.

குறிப்பு எழுதியவருக்கு உள்நோக்கம் இருந்தது, சந்தேகமே இல்லை. வில்லியமின் மகன் ஜான், 1459இல் வாரிசில்லாமல் இறந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃபின் கேஸ்டர் கோட்டையும் மற்ற நிலங்களும் தனக்கே என்று உரிமை கொண்டாடி ஊரெல்லாம் பகை சம்பாதித்திருந்தார். ஜிமிங்ஹாமோ லங்காஸ்டர் டச்சி என்ற பெரிய நில உடைமையைச் சேர்ந்தது, அந்த டச்சி அரசர் கையில். அதனால் பாஸ்டன்கள் அரசருக்கே கட்டுப்பட்ட ஆட்கள் என்று நிறுவிவிட்டால் அவர்கள் வாங்கிச் சேர்த்த நிலத்தின் மேலேயே கை வைக்கலாம். 1465இல் ஜான், லண்டனில் ஃப்ளீட் என்ற சிறைக்குள் இருந்தார்.

இரண்டாவது ஆவணம் 1466இல் நான்காம் எட்வர்ட் வெளியிட்டது. பாஸ்டன்கள், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற காலத்திலிருந்தே நேர்வழியில் வந்த மதிப்புக்குரிய இரத்தம், அவர்கள் காட்டிய பழைய பத்திரங்களும் மேனர் மன்ற ஏடுகளும் அதைச் சொல்கின்றன, அவர்களிடமே கட்டுப்பட்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று அறிவிக்கிறது. ஜான் அதைப் பார்க்கவில்லை, அதற்கு இரண்டு மாதம் முன்பே லண்டனில் இறந்துவிட்டார்.

பின்னால் வந்த கொடிவழிப் பட்டியலில் இன்னும் ஒரு படி ஏறி, 1066க்கு மூன்று வருடம் கழித்துப் பிரான்சிலிருந்து வந்த மூதாதை ஒருவரையும் வைத்துக்கொண்டார்கள். அவர் பேர் வுல்ஸ்டன். பிரான்சிலிருந்து வந்தவருக்கு அச்சு அசலான பழைய ஆங்கிலப் பேர்! கற்பனை செய்தவர் அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் அசந்துவிட்டார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கிழார்குடி என்று நான் எழுதினால் அரசரின் அறிவிப்புக்குக் கையெழுத்துப் போட்டதாக ஆகிறது: இவர்கள் பிறப்பிலேயே அந்தக் குடி. எதிரியின் குறிப்பில் பாதி உண்மையாக இருந்தாலும் அந்தச் சொல் கிளமென்டுக்குப் பொய், பேரனுக்கு மெய். ஆகவே குடி வேண்டாம் ஐயா, நீங்கள் சொன்னது சரி. குலம், வம்சம், மரபினர் எதுவும் வேண்டாம். வெறும் கிழார் போதுமா என்றால், பாடப்புத்தகங்களில் நிலக்கிழார் எல்லா வகை நிலச்சொந்தக்காரருக்கும் போய்விட்டது, அதனால் ஒரு முன்னொட்டு வேண்டும் என்று தோன்றுகிறது. ஊர்க்கிழார்? இவர்களின் செல்வாக்கு அவையிலோ அரண்மனையிலோ இல்லை, ஊரிலும் வட்டாரத்திலும்தான் இருந்தது என்பதும் அதில் வந்துவிடுகிறது.

‘நிலக்கிழமையர்’ என்றும் ஒன்று தோன்றியது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், “அப்போ திங்கட்கிழமையர் யார்?” என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

---

மறுமொழி

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் வரலாற்றுக்காரி இல்லை, குடும்ப மர மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும்போது இதே சொல்லில் முட்டிக்கொண்டவள், அதனால் நுழைகிறேன்.

ஊர்க்கிழாருக்கு என் வாக்கு. ஆனால் நைட், எஸ்குவயர், ஜென்டில்மேன் மூன்றையும் தமிழாக்கப் போகிறீர்களா? எங்கள் மென்பொருளில் ஒருவர் வீரத்திருமகன் என்று போட்டு வைத்திருந்தார், வரி வரியாகப் படிக்கும்போது வாழ்த்துமடல் மாதிரி இருந்தது.

இன்னொன்று. ‘கட்டுப்பட்ட நிலம்’, ‘கட்டுப்பட்டவள்’ என்று நழுவிக்கொண்டு போயிருக்கிறீர்கள் அண்ணா. அதற்கும் சொல் வேண்டுமே. நாங்கள் ‘பண்ணையடிமை நிலம்’ என்று வைத்திருக்கிறோம்.

---

மறு: மறுமொழி

பிடித்துவிட்டீர்களே அம்மா. நழுவினது உண்மை.

நைட், எஸ்குவயர், ஜென்டில்மேன் மூன்றையும் அப்படியே விடுகிறேன். அவை வழக்குமன்ற ஏட்டில் ஒருவர் பேருக்குப் பின்னால் ஒட்டிய சீட்டுகள். ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் ஜென்டில்மேன், இன்னொன்றில் எஸ்குவயர் என்று வருவதும் உண்டு. அதை வைத்துத்தான் ஆள் எப்போது மேலே ஏறினார் என்று கணிக்க முடிகிறது, மொழிபெயர்த்தால் தடயம் அழிந்துவிடும். மொத்த வகுப்புக்கு மட்டும் தமிழ்ச்சொல்.

பண்ணையடிமை நிலம் கூடாது, இந்தத் தடவை எதிரியின் பக்கம் சாய்ந்துவிடுவோம். கட்டுப்பட்ட நிலத்தை வைத்திருப்பதும் பிறப்பால் கட்டுப்பட்டவராக இருப்பதும் வேறு வேறு. சுதந்திரமான ஆளும் அப்படிப்பட்ட நிலத்தைக் குத்தகைக் கடமைகளோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம், பதினான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில், கொள்ளைநோய்க்குப் பிறகு நிலம் மலிந்து கிடந்தபோது நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். கிளமென்டின் நிலம் கட்டுப்பட்டது என்பதால் கிளமென்ட் கட்டுப்பட்டவர் ஆகிவிடமாட்டார். குறிப்பு எழுதியவரே அவர் நிலத்தை அப்படிச் சொல்கிறார், மனைவியையும் மைத்துனரையும் அப்படிச் சொல்கிறார், கிளமென்டை நேராக அப்படிச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைத் தமிழிலும் காப்பாற்ற வேண்டும். நிலத்துக்குக் கட்டுநிலம், ஆளுக்குக் கட்டாள் என்று பிரித்து வைக்கலாமா? கொத்தடிமையோடு குழப்பமும் வராது.

இப்படிப்பட்ட ஒருவரைத் தேட எந்த ஏட்டைப் புரட்டுவது என்பதும் இதிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் உள்ளூர் ஆட்களைக் கூட்டி விசாரித்து, நிலம் எவ்வளவு, வாரிசு யார், வயதென்ன என்று எழுதி வைப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வழக்கம் 1660இல்தான் முடிந்தது. (வாரிசுக்கு ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்று இருந்தால் அவருக்கு நாற்பதுகூட இருக்கலாம், அதை வைத்துப் பிறந்த வருடம் கணக்கிடாதீர்கள்.) கிளமென்ட் அந்த ஏடுகளில் வரக்கூடியவர் இல்லை. கட்டுநிலம் கைமாறும்போதும் கட்டாள் தன் மகளைக் கட்டிக்கொடுக்கும்போதும் கட்டணம் எழுதிய மேனர் மன்ற ஏடுகளில்தான் அவரையும் அவர் மனைவி வீட்டாரையும் தேட வேண்டும்.

ஐயா, ஊர்க்கிழார், கட்டுநிலம், கட்டாள் மூன்றுக்கும் உங்கள் ஒப்புதல் கிடைத்தால் அகரமுதலித் தாளில் ஏற்றிவிடுகிறேன்.

---

மறுமொழி

முதல் இரண்டையும் ஏற்றுங்கள். கட்டாள் வேண்டாம் தம்பி, கட்டான ஆள் என்று பயில்வானை நினைப்பார்கள். கட்டுக்குடியான் என்று போடுங்கள். குடி வேண்டாம் என்றேனே என்று கேட்பீர்கள். இது அந்தக் குடி இல்லை, குடியிருந்து பயிர் செய்கிறவன் குடியானவன், அந்தக் குடி. தவிர, இங்கே பிறப்பு வந்தாலும் தப்பில்லை, அந்த ஆங்கிலேயர்கள் அதைப் பிறப்போடு ஒட்டித்தானே வைத்திருந்தார்கள்?