நான்கு த்ரெட்களில் ஓட்டினால் மட்டும் படம் சிதறுகிறது: டிகோடரின் பொதுத் தரவை எப்படிக் காப்பது?

பாளைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை என் மாமா பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருக்கும் ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) வீடியோக்களைப் பார்ப்பதற்காகவும், அதைவிட முக்கியமாக நானே கற்றுக்கொள்வதற்காகவும், சி மொழியில் ஒரு டிகோடர், அதாவது சுருக்கிய வீடியோவை மீண்டும் படமாக்கும் நிரல், எழுதி வருகிறேன். ஒரே த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) ஓட்டினால் படம் சுத்தமாக வருகிறது. பிரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு) ஒரு த்ரெட் என்று நான்கு த்ரெட்களில் ஓட்டினால் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. மடிக்கணினியில் இது எப்போதாவதுதான் நடக்கிறது. ராஸ்பெரி பை பலகையிலோ அடிக்கடி நடக்கிறது. காரணம் தேடி நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் (திரையில் எழுதிக் காட்டும்) வரியைச் சேர்த்தால் குறை மறைந்துவிடுகிறது.

ஒவ்வொரு பிரேமிலும் எத்தனை பிக்சல் வரிகள் முடிந்தன என்பதை ஒரு வாலடைல் எண்ணில் வைத்திருக்கிறேன். அடுத்த பிரேமின் த்ரெட் தனக்கு வேண்டிய வரி வரும்வரை அந்த எண்ணைச் சுழன்று சுழன்று படிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்துப் பார்த்தேன். படம் சரியானது, ஆனால் வேகம் ஒற்றை த்ரெட் அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். கேமரா தேரின் உச்சியிலிருந்து சக்கரத்தை நோக்கி இறங்கும்போதுதான் சிதறல் அதிகம். சக்கரத்திலிருந்து உச்சிக்கு ஏறும்போது ஏறக்குறைய இல்லை. பூட்டை எங்கே போடுவது என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

கடைமடைக்காரர் எழுதியது:

தம்பி, பூட்டை எங்கே போடுவது என்பதைப் பிறகு பார்ப்போம். எந்தத் தரவு யாருக்குச் சொந்தம், எதுவரை சொந்தம் என்பதை முதலில் முடிவு செய்தால், பூட்டு வேண்டிய இடங்கள் தாமாகவே குறைந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலாவது, வாலடைல். கம்பைலர் அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே அது பொறுப்பேற்கிறது. பிக்சல்களை எழுதிய பிறகுதான் எண் மாறியதாக மற்ற த்ரெட்டுக்குத் தெரிய வேண்டும் என்ற வரிசைக்கு அது பொறுப்பில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வருகிற ஆள், தண்ணீருக்கு முன்பே கடைமடைக்கு வந்து சேர்ந்தால் வயலில் என்ன இருக்குமோ, அதுதான் உங்கள் பிரேமிலும் இருக்கிறது. எக்ஸ்86 செயலி எழுத்துகளின் வரிசையைப் பெரும்பாலும் காப்பதால் மடிக்கணினியில் இந்தக் குறை ஒளிந்துகொள்கிறது. பை பலகையின் ஏஆர்எம் செயலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எண்ணை சி11 அட்டாமிக்காக (த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் வகை) மாற்றி, எழுதும்போது ரிலீஸ் முறையிலும் படிக்கும்போது அக்கொயர் முறையிலும் கையாளுங்கள்; புதிய எண்ணைப் பார்க்கும் த்ரெட்டுக்கு அதற்கு முன் எழுதிய பிக்சல்களும் தெரியும் என்பதற்கு இந்த இணைதான் பொறுப்பு. போதிய வரிகள் வந்திருந்தால் மியூடெக்ஸைத் தொடவே வேண்டாம். வராதபோது மட்டும் மியூடெக்ஸைப் பிடித்து, கண்டிஷன் வேரியபிளில் (அறிவிப்பு வரும்வரை த்ரெட்டைத் தூங்கவைக்கும் வசதி), வைல் சுழலுக்குள் காத்திருக்க வேண்டும். காரணமின்றியும் த்ரெட் விழித்துக்கொள்ளும் என்பதால் இஃப் போதாது. எண்ணை மாற்றுகிறவரும் அதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே மாற்ற வேண்டும், இல்லையேல் அறிவிப்பு தவறிப்போய் ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பிரேமும் டிகோட் வரிசையில் தனக்கு முந்தியவற்றை மட்டுமே பார்ப்பதால், இதில் வட்டக் காத்திருப்பு (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் நின்றுபோவது) வராது.

இரண்டாவதை உங்கள் தேரே காட்டிக்கொடுத்துவிட்டது. கேமரா கீழே இறங்கினால் காட்சி மேலே நகரும்; அப்போது ஒரு கட்டம் முந்தைய பிரேமில் தனக்குக் கீழே உள்ள வரிகளிலிருந்து எடுக்கப்படும். அந்த வரிகள்தான் இன்னும் முடியாதவை. ஆகவே உங்கள் வரிக் கணக்கு குறைவாக இருக்கிறது. வெக்டர் (கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு) அரைப் பிக்சலில் நின்றால், ஆறு பிக்சல்களிலிருந்து இடை மதிப்பைக் கணக்கிடும் ஆறு-முனை வடிகட்டிக்குக் கீழே மேலும் 3 வரிகள் வேண்டும். அதற்கு மேல், டீபிளாக்கிங் (கட்டங்களின் ஓரத்தை மென்மையாக்கும் வேலை) அடுத்த மேக்ரோபிளாக் (16 வரி உயரமுள்ள கட்டம்) வரிசைக்குப் போகும்போது மேல் வரிசையின் கடைசி 3 வரிகள் வரை திருத்தும். எனவே ஒரு வரிசை முடிந்ததும் 16 வரிகள் முடிந்ததாக அறிவிக்கக் கூடாது. 3 வரிகளைப் பிடித்துவைத்து 13 என்றும், அடுத்ததில் 29 என்றும் அறிவிக்க வேண்டும். கடைசி வரிசையில் மட்டும் முழுவதையும் அறிவிக்கலாம். மாமாவின் கேமரா இன்டர்லேஸ்டு முறையில் (ஒன்றுவிட்ட வரிகளை இரண்டு புலங்களாகப் பிரித்து) எடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஒவ்வொரு புலத்துக்கும் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலச்சாரல் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். பிபிஎஸ் (படங்களை டிகோட் செய்ய வேண்டிய அமைப்புகளின் தொகுப்பு) அட்டவணையைப் பொதுவில் வைத்து அதன்மேலேயே எழுதுகிறீர்களா? அதே எண் கொண்ட பிபிஎஸ் நடுவில் வேறு உள்ளடக்கத்தோடு மீண்டும் வரலாம். பழைய பிரேமை இன்னும் டிகோட் செய்துகொண்டிருக்கும் த்ரெட்டின் காலடியில் தரை மாறிவிடும். வந்ததை மாற்றாமல், புதிதாக ஒன்றை உருவாக்கி, ரெஃபரன்ஸ் கவுண்ட்டோடு (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) ஒவ்வொரு த்ரெட்டிடமும் கொடுத்துவிடுங்கள். பிரேம் பஃபர்களுக்கும் இதே வழிதான். சீபேக்கின் (ஹெச்.264-இன் பிட்களைச் சுருக்கும் முறை) 1,024 நிலைகள் ஒவ்வொரு ஸ்லைஸின் (பிரேமின் ஒரு பகுதி) தொடக்கத்திலும் புதிதாக அமைக்கப்படுபவை. அவற்றைப் பகிரவே கூடாது.

த்ரெட்சானிடைசரோடு (த்ரெட்கள் பொதுத் தரவில் மோதுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஓட்டம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும் என்பதால் சிறிய கோப்பு போதும். கையால் எழுதிய அசெம்பிளியை அது பார்க்காது. சோதனைக்குச் சி வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

பாளைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அட்டாமிக்காக மாற்றியதும் பை பலகையில் பெரிய கட்டச் சிதறல்கள் போய்விட்டன. ஆனால் கேமரா இறங்கும் காட்சிகளில் மெல்லிய கீற்றுகள் இரண்டு கருவிகளிலும் மிஞ்சின. 13, 29 என்று அறிவிப்பை மாற்றி, கேட்கும் பக்கத்தில் 3 வரிகளைக் கூட்டிய பிறகு அவையும் இல்லை. த்ரெட்சானிடைசர் முதலில் காட்டியது பிபிஎஸ் அட்டவணையைத்தான். நேற்றிரவு அதையும் மாற்றிவிட்டேன்.

பாதியில் அறுந்த ஒரு கோப்பில் மட்டும் டிகோடர் அப்படியே நின்றுபோகிறது.

கடைமடைக்காரர் எழுதியது:

பிழை வந்து த்ரெட் வெளியேறும் வழியில் வரி எண்ணை அறிவிக்காமல் விட்டிருப்பீர்கள்; காத்திருக்கும் த்ரெட் வராத வரிக்காகக் காத்திருக்கிறது. பிழையோடு வெளியேறினாலும், அந்தப் பிரேமின் எண்ணை இருக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்புக்கு உயர்த்தி அறிவித்துவிட்டே வெளியேற வேண்டும். படம் கெட்டிருக்கும், ஓட்டம் நிற்காது.

பாளைவாசி எழுதியது:

அதேதான் அண்ணாச்சி. மூன்று இடங்களில் அறிவிக்காமலே திரும்பியிருந்தேன். இப்போது அந்தக் கோப்பும் கடைசி வரை ஓடுகிறது.