பட்டா நிலத்துல கருப்பு கிரானைட்: அரசுக்கு எதுவரை உரிமை?

பர்கூர்க்காரன்:
பர்கூர் பக்கம் அப்பா பேர்ல ரெண்டரை ஏக்கர் புன்செய் பட்டா இருக்கு. கிணறு வெட்டும்போது கருப்பு கிரானைட் தட்டுப்பட்டுச்சு. அதுல இருந்து ஒரு புரோக்கர் வீட்டையே சுத்திச் சுத்தி வர்றார். "கருப்புக் கல்லு அரசோட கனிம நிறுவனமான டாமினுக்குத்தான், உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பவர் எழுதிக் குடுங்க, நான் பார்த்துக்கிறேன்"ங்கிறார். அப்பா கையெழுத்துப் போட்டுடுவாரோன்னு பயமா இருக்கு. நிஜமாவே அரசுக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கா?

ஊத்தங்கரை உழவன்:
பூமிக்கு அடியில இருக்கிறது எல்லாமே அரசாங்கத்துதுதான். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள்ல இருக்கிற 8சி விதியை சுப்ரீம் கோர்ட்டே செல்லும்னு சொல்லிடுச்சு. வந்த விலைக்கு முடிச்சுடுங்க.

பெர்மிட் கணக்கர்:
தம்பி, அப்பாவை எதுலயும் கையெழுத்துப் போட விடாதீங்க. குவாரி ஆபீஸ்ல பெர்மிட்டும் நடைச்சீட்டும் எழுதியே தலை நரைச்சவன் நான். 8சியைக் காட்டி மிரட்டி பட்டாக்காரங்ககிட்ட எழுதி வாங்குறதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

8சி 1977 டிசம்பர்ல வந்தது. கருப்பு கிரானைட் குத்தகை இனி தனியாருக்குக் கிடையாது, அரசே எடுக்கும், இல்லன்னா முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனத்துக்குக் குடுக்கும்னு சொல்லுது. ஐகோர்ட் ரத்து பண்ணினதை 1981ல ஹிந்த் ஸ்டோன் வழக்குல சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொன்னது உண்மை. ஆனா அந்த விதி இருக்கிறது அரசு நிலத்துக்கான பகுதியில. பட்டா நிலத்துக்கு விதிகள் தனியா இருக்கு.

இன்னொண்ணு. கிரானைட் மாதிரி சிறு கனிமத்துக்கு விதி போடுற அதிகாரம் மாநிலத்துக்கு 1957 மத்திய சுரங்க, கனிமச் சட்டத்தோட 15வது பிரிவு வழியா நாடாளுமன்றம் குடுத்தது. அந்தப் பிரிவைத் தாண்டினா விதி நிக்காது. வெட்டியெடுத்த கிரானைட்டோட விற்பனையையும் விலையையும் தன் கையில வெச்சுக்க நம்ம அரசு பார்த்துச்சு. 1995ல காவேரி செட்டி வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. குத்தகையை ஒழுங்குபடுத்தலாம், குழியை விட்டு வெளியே வந்த கல்லோட விலையில தலையிட 15வது பிரிவுல இடமில்லன்னு சொல்லிடுச்சு. மணல்லயும் அப்படித்தான். 2003ல 38ஏன்னு ஒரு விதி போட்டு ஆத்து மணலை அரசே எடுத்துக்கிட்டது செல்லும்னு 2006ல தீர்ப்பு வந்துச்சு, ஆனா ஓடிக்கிட்டிருந்த குத்தகையை ஒரே ராத்திரியில முடிக்கிறதை ஏத்துக்கல.

"அடியில இருக்கிறது எல்லாம் அரசுது"ங்கிறதும் தப்பு உழவரே. அப்படி எந்தச் சட்டமும் சொல்லலன்னு 2013ல கேரளா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது மலபார் ஜென்மி நிலம், அதாவது பரம்பரையா முழு உரிமையோட இருந்த நிலம். நம்ம பட்டா எப்படின்னு பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும், சர்வே நம்பர் வாரியா நில விவரம் இருக்கிற ஏ பதிவேட்டையும் பார்த்துத்தான் சொல்லணும். தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்து நகல் வாங்குங்க, குறிப்புக் கலத்தை வரி விடாம படிங்க.

அதுக்காக நாமளே தோண்டிடக் கூடாது. அனுமதியில்லாம எடுத்தா அதே 1957 சட்டத்தோட 21வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, குத்தகை, மூணும் வேணும்.

பர்கூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க ஐயா. சீனியரேஜ் (கல் எடுக்க அரசுக்குக் கட்டுற ராயல்டி) போக டன்னுக்கு இவ்வளவுன்னு புதுசா வரியும் இருக்காமே, மாநிலம் அப்படிப் போடலாமா?

பெர்மிட் கணக்கர்:
முன்னாடி போட முடியாது. 1989ல இந்தியா சிமெண்ட்ஸ் வழக்குல ராயல்டியே வரிதான், அதுமேல செஸ்ங்கிற கூடுதல் வரி போடக் கூடாதுன்னு தமிழ்நாட்டைத் தடுத்தாங்க. 2024 ஜூலை 25ல ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒண்ணுன்னு அதை மாத்திடுச்சு: ராயல்டி வரி இல்ல, கனிம உரிமை மேல மாநிலம் வரி போடலாம், நாடாளுமன்றம் வேணும்னா அதுக்கு வரம்பு கட்டலாம். அதை வெச்சுத்தான் கனிம நில வரிச் சட்டம் 2025 ஏப்ரல்ல இங்க அமலுக்கு வந்துச்சு. குத்தகைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்க, புரோக்கர் காட்டுற கணக்குல இது இருக்காது.

நகல் கிடைச்சதும் குறிப்புக் கலத்துல என்ன இருக்குன்னு இங்க எழுதுங்க. சர்வே நம்பரை மட்டும் பொதுவுல போட்டுடாதீங்க.