சோதித்துப் பார்க்க நீங்கள் யார்?

எடைக்கல்:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நுகர்வோர் குழுக் கூட்டம் சண்டையில் முடிந்தது. பாக்கெட் பாலையும் பலகாரத்தையும் நாமே வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தயாரிப்பாளர் பெயரோடு அச்சிடலாம் என்றேன். "அதற்குத்தான் உணவுப் பாதுகாப்புத் துறை இருக்கிறதே, நீங்கள் யார்?" என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கித் தின்கிறவர்கள், வேறு யார்?

2003 ஞாபகம் இருக்கிறதா? தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற தன்னார்வ அமைப்பு பிப்ரவரியில் பாட்டில் தண்ணீரிலும், ஆகஸ்டில் 12 குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தது. கம்பெனிகள் கொதித்தன. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது. எச்சம் இருப்பது உண்மைதான் என்று 2004 பிப்ரவரியில் அந்தக் குழுவே சொன்னது. அதற்கு முன் கூட்டுக் குழு விசாரித்தவை போஃபர்ஸ் பீரங்கி பேரம், ஹர்ஷத் மேத்தா, கேதன் பரேக் பங்குச்சந்தை மோசடிகள். மூன்றும் பண விவகாரங்கள். வயிற்றுக்குள் போகிற பொருளுக்காக ஒரு குழு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார வைத்தது எந்த அரசுத் துறையும் இல்லை.

சேவுக்கடை:
சாத்தூர்ப் பக்கம் காரச்சேவு போடுகிறவன் நான். உங்களைப் போன்ற ஒரு குழு போன வருடம் ஒரு நோட்டீஸ் அடித்தது. என் பாக்கெட்டில் "பழைய எண்ணெய்" என்று. ஒரே ஒரு பாக்கெட். அதை வாங்கியது பஸ் நிலையத்தில் ஒரு பெட்டிக்கடையில். தெற்கு பார்த்த கடை. கம்பியில் மாலை மாதிரி தொங்கவிட்டு நாள் முழுக்க வெயில் காட்டியிருந்தார்கள். பாக்கெட்டை வெட்டியதும் சிக்கு வாடை அடிக்காமல் மல்லிகை வாசமா வரும்? என் அடுப்படிக்கு ஒருவரும் வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு வந்த ஆர்டரில் பாதி திரும்பிப் போனது.

அரசு அதிகாரி வந்தால் எனக்குப் பயம் உண்டு, ஆனால் வழியும் உண்டு. மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் இருக்கும். நான் கேட்டால் நான்காவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் நோட்டீசுக்கு நான் எங்கே மேல்முறையீடு செய்வது?

தராசுமுள்:
அண்ணாச்சி கேட்பது சரியான கேள்வி. 2003ஐப் பெருமையாகச் சொல்பவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. அந்த மையம் அளந்து பார்த்தது ஐரோப்பியக் குடிநீர் வரம்பை வைத்து: ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டரில் 0.0001 மில்லிகிராம். குளிர்பானத்துக்கு நம் சட்டத்தில் அன்று அப்படி ஒரு வரம்பே கிடையாது. போடாத கோட்டை எப்படித் தாண்ட முடியும்? 2006இல் அதே மையம் மறுபடி சோதித்தது. பரபரப்பில் கேரள அரசு தடை போட்டது. செப்டம்பரிலேயே உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பிறகு 2015இல் மேகி நூடுல்ஸ், ஈயம் அதிகம் என்று தடை. 30,000 டன்னுக்கு மேல் அழித்தார்கள். கடைசியில் ஈயம் வரம்புக்குள்தான் என்று முடிவு வந்தது. முதலில் ஊரைக் கூட்டு, பிறகு நிரூபி என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி முறை.

எடைக்கல்:
மேகியை எங்கள் தலையில் கட்டாதீர்கள். பாராபங்கியில் அந்த மாதிரியை எடுத்தவர்கள் உத்தரப்பிரதேச அரசின் உணவு அதிகாரிகள். ஈயம் 17.2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 17.2 பங்கு என்று சொன்னது கொல்கத்தாவிலுள்ள மத்திய உணவு ஆய்வகம், அனுமதி 2.5தான். தடை விதித்தது உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியபோது என்ன சொன்னது? நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை. மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை செய்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது. இதில் தன்னார்வக் குழு எந்த இடத்தில் வருகிறது? அண்ணாச்சி நம்புகிற அரசு வழி சறுக்கிய கதை இது.

அங்கீகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பாருங்கள். மாநிலங்களின் 72 உணவு ஆய்வகங்களில் 65க்கு தேசிய அங்கீகாரம் இல்லை.

குளிர்பானத்துக்கு வரம்பே கிடையாது என்கிறீர்களே, அதைத்தான் 2003இல் நாடே தெரிந்துகொண்டது. அதுவரை யாருக்குத் தெரியும்?

திண்ணைவாசி:
குறுக்கே ஒரு வார்த்தை. தணிக்கைத் துறைக்கும் சி.ஏ.ஜி. என்றுதான் பெயர், சென்னையில் 1985இலிருந்து இருக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் சி.ஏ.ஜி. என்றுதான் பெயர். என் மாமா பல வருடம் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டு, "அரசாங்கம் தன்னைத்தானே இவ்வளவு திட்டிக்கொள்கிறதே" என்று வியந்துகொண்டிருந்தார்.

செம்மண்:
சோதனையை விடுங்கள், கேட்பதே ஒரு வேலை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடத்தில் எத்தனை உணவு மாதிரி எடுத்தீர்கள், எத்தனை தேறவில்லை, பிறகு என்ன செய்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். 30 நாள் தாண்டியும் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு ஒரு தாள் வந்தது, நகலின் நகல், பாதி எழுத்து தேய்ந்திருந்தது. "மேல் நடவடிக்கை" என்ற கட்டத்தில் முதல் வரியில் "நிலுவை" என்று எழுதி, அதற்குக் கீழே கடைசி வரை மேற்படிக் குறி. யார் எழுதினாரோ, குறிகள் மட்டும் அச்சடித்த மாதிரி நேராக இருந்தன.

அந்தத் தாளை நகலெடுத்து ஒட்டுவதும் பொதுநல ஆய்வுதான். கடைக்காரர் யார் பெயரும் அதில் இல்லை. கெட்ட பெயர் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

சேவுக்கடை:
செம்மண் தம்பி செய்ததை நான் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். கெட்டுப்போன எண்ணெயில் போடுகிறவன் பிடிபட வேண்டும் என்பதில் எனக்குத்தான் அக்கறை அதிகம். அவன் கிலோவுக்கு விலை குறைத்து என் வியாபாரத்தைத்தானே கெடுக்கிறான்? எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்தால் துருவப் பொருள் என்று ஒன்று சேரும், அது 25 சதவீதம் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதை அளக்கிற கருவியை நான் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். நோட்டீஸ் அடித்தவர்கள் அளந்தார்களா, மோந்து பார்த்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

எடைக்கல்:
அது அவர்கள் செய்த தப்பு. ஒரு பாக்கெட்டை வைத்து எழுதக் கூடாது. எப்படிச் சோதித்தோம் என்று போடாமலும் எழுதக் கூடாது. எங்கள் குழுவில் நான் இதை எழுதியே வைக்கச் சொல்கிறேன். அச்சுக்குப் போகுமுன் முடிவைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, அவர் பதிலையும் சேர்த்துப் போடுவோம்.

தராசுமுள்:
அப்படியானால் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடமே பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். பொருள் தேறாவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, சோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் ஆய்வகம் இருக்கிறது.

சேவுக்கடை:
தாராளமாக வாருங்கள். சொல்லிவிட்டு வாங்குங்கள், பில் போட்டே தருகிறேன். ஆனால் என் கடையில் வாங்குங்கள். பஸ் நிலையத்தில் தொங்குவதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எடைக்கல்:
பஸ் ஏறுகிற ஜனங்கள் அதைத்தானே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், அண்ணாச்சி?