பெரிய வீடு (குடும்பக் குழு)

செல்வி சித்தி, காலை 7:05
இடுப்பு ஆபரேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது. அத்தை வெளிக்குப் போய் இன்றோடு 5 நாள். ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழைப்பழம், ஊறவைத்த திராட்சை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று.

முருகேசன் பெரியப்பா, 7:11
படுத்தே கிடந்தால் அப்படித்தான். இசப்கோல் இரண்டு கரண்டி கலக்கிக் கொடும்மா.

தேன்மொழி, 7:34
நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். சித்தி, இசப்கோல் வேண்டாம். வலி மாத்திரை அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செல்வி சித்தி, 7:36
[படம்]
காலை ஒன்று, இரவு ஒன்று. இன்று இன்னும் கொடுக்கவில்லை.

தேன்மொழி, 7:41
டிரமடால் 37.5, பாரசிட்டமால் 325. காரணம் இதுதான். டிரமடால் ஓபியாய்டு வகை, மார்ஃபினுக்குச் சொந்தக்காரன். மூளையில் வலியை அடக்குகிற மருந்து குடலையும் அசையவிடாது. வாந்தி, தலைசுற்றல் எல்லாம் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, மாத்திரை உள்ளவரை இருக்கும். அப்பத்தா பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காது, அதில் இசப்கோல் கொடுத்தால் உள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். குடலை அசைக்கிற மருந்துதான் வேண்டும். 5 நாள் ஆகிவிட்டதால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். வாந்தி, வயிறு உப்பல் உண்டா? சிறுநீர் போகிறதா?

செல்வி சித்தி, 7:45
வாந்தி இல்லை, சிறுநீர் சரி. ஆனால் பகலெல்லாம் தூக்கம். நேற்று என்னைப் பார்த்து "ராக்காயி, எப்படி வந்தே" என்று கேட்டார். ராக்காயி சின்னம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

தேன்மொழி, 7:48
அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையில் புத்தி தடுமாறும். எழுந்தால் ஒருவர் கையைப் பிடித்தே இருக்க வேண்டும், மறுபடி விழுந்துவிடக் கூடாது. காய்ச்சலுக்கு டோலோ ஏதும் தனியாகக் கொடுக்காதீர்கள், இதிலேயே பாரசிட்டமால் இருக்கிறது.
அப்புறம், இந்த அட்டையை எப்போது பிரித்தீர்கள்?

செல்வி சித்தி, 7:50
முந்தாநாள் காலை.

தேன்மொழி, 7:50
அப்படியென்றால் 4 போயிருக்க வேண்டும். படத்தில் 7 குழி காலி.

சரவணன் சித்தப்பா, 7:58
எலியாக இருக்கும்.

முருகேசன் பெரியப்பா, 8:20
முந்தாநாள் வந்தபோது நான்தான் எடுத்தேன். முதுகுவலி. மூன்றே மூன்று. ஒன்று போட்டதும் வலியும் இல்லை, மனசும் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது.

சரவணன் சித்தப்பா, 8:21
அண்ணே!!

தேன்மொழி, 8:26
பெரியப்பா, ராத்திரி தூக்க மாத்திரையும் போடுகிறவர் நீங்கள். சனிக்கிழமை விஷயம் குழுவில் வேண்டாம். இந்த மாத்திரை, தூக்க மாத்திரை, சனிக்கிழமை கிளாஸ் மூன்றும் ஒன்று சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகும், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கூடத் தெரியாது. தட்டினாலும் எழாமல், உதடு நீலமாக, கண்மணி ஊசிமுனை அளவாக இருந்தால் உடனே 108தான். டிரமடாலில் சிலருக்கு வலிப்பும் வரும், மன அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அட்டையில் சிவப்புக் கட்டம் சும்மா போடவில்லை. 2018 முதல் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. அந்த "பஞ்சு மாதிரி" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். மிச்சம் இருந்தால் சித்தியிடம் கொடுத்துவிடுங்கள்.

முருகேசன் பெரியப்பா, 8:40
ஒன்று இருக்கிறது. தருகிறேன்.

செல்வி சித்தி, 8:43
அப்போது அத்தைக்கும் நிறுத்திவிடவா?

தேன்மொழி, 8:45
ஐயோ, நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி இருந்தால் அப்பத்தா காலையே ஊன்றாது, நடக்க வைப்பதுதான் இப்போது முக்கியம். நாள் கணக்கில் சாப்பிட்டதை டக்கென்று விட்டால் வியர்வை, உடம்பு முறுக்கல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

செல்வி சித்தி, 11:15
பேசிவிட்டேன். காலையில் வெறும் பாரசிட்டமால், இரவு மட்டும் பழைய மாத்திரை, மூன்று நாள் கழித்து அதையும் விடலாமாம். வயிற்றுக்கு மருந்து எழுதினார், கொடுத்தாயிற்று.

செல்வி சித்தி, மாலை 5:52
அத்தை போய்விட்டார்

சரவணன் சித்தப்பா, 5:52
என்ன சொல்கிறாய் செல்வி????

முருகேசன் பெரியப்பா, 5:53
அம்மா!! கிளம்பிவிட்டேன்

செல்வி சித்தி, 5:54
ஐயையோ, வெளிக்குப் போய்விட்டார் என்று சொன்னேன்! இப்போது ரசம் சாதம் கேட்கிறார்.

தேன்மொழி, 5:55
சித்தி, எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது

முருகேசன் பெரியப்பா, 6:02
பாதி வழி வந்துவிட்டேன். அந்த ஒரு மாத்திரையும் கையில் இருக்கிறது. அட்டையை எங்கே வைத்திருக்கிறாய், அதிலேயே போட்டுவிடுகிறேன்.

செல்வி சித்தி, 6:03
என் கையில் கொடுங்கள். பீரோவைப் பூட்டியாயிற்று.