சின்ன அரங்கில் சொந்தப் பாட்டு: பெங்களூரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஹலசூர்க்காரன்

அரண்மனை மைதானத்தில் நடக்கும் பெரிய கச்சேரிகளைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். டிக்கெட் விலையும் பார்க்கிங் புலம்பலும் அங்கேயே இருக்கட்டும். இங்கே நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் இடங்களைப் பற்றி மட்டும் பேசலாம். நாட்டுப்புறப் பாட்டையோ, அந்த மண்ணிலிருந்து எடுத்துத் தானே கட்டிய பாட்டையோ, தம்புராவும் கிட்டாருமாக ஒருவர் பாடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். என் கட்சி இதுதான்: இந்த மாதிரிக் கச்சேரியில் பாதிதான் பாட்டு. மீதிப் பாதி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர் பேசுவது. அதை யூடியூபில் போடும்போது கத்தரித்துவிடுகிறார்கள். அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

டொம்லூர்ப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் கன்னடக் கவி சிசுநாள ஷரீஃப் பாடல்களைக் கேட்டேன். ஷரீஃப் 1819இல் பிறந்து 1889இல் மறைந்தவர். ஹாவேரி மாவட்டத்துக்காரர், முஸ்லிம். குருவோ கோவிந்த பட்டர் என்ற பிராமணர். நம்ம ஊர்ச் சித்தர்கள் எழுதியது போலவே தலைகீழாகப் பேசும் பாட்டு நிறைய எழுதியிருக்கிறார். அதில் ஒன்றில் கோழி குரங்கை விழுங்கும், ஆடு யானையை விழுங்கும், சுவர் சுண்ணாம்பை விழுங்கும், ஆட வந்தவளை மத்தளமே விழுங்கும். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்த எங்கள் வரிசைகூட விழுந்து விழுந்து சிரித்தது. பாடியவரும் சிரித்துக்கொண்டேதான் முடித்தார்.

முடித்தவர் அடுத்த பாட்டுக்குப் போகவில்லை. தம்புராவின் ஒரு தந்தி இறங்கியிருந்தது. பிருடையைத் திருகிக்கொண்டே, சபையைப் பார்க்காமல், தந்தியைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். கடைசி அடியைக் கவனித்தீர்களா, அதில் யாரை யார் விழுங்குகிறார்கள் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. குருவின் பாதம் என் ஆத்மாவை விழுங்கியது என்று பாட்டு முடிகிறது, அதற்காகத்தான் மேலே இத்தனை விழுங்கல் என்றார். தந்தி சேர்ந்ததும் அதே பாட்டை முதலிலிருந்து மறுபடி பாடினார். கோழி வந்தது, ஆடு வந்தது. ஒரு ஆள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர், மத்தளம் வந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாகவும் இருக்கலாம், அங்கே ஏசி சுமார்தான்.

ஷரீஃபை வீடு வீடாகக் கேசட்டில் கொண்டு சேர்த்தவர் கன்னட இசையமைப்பாளர் சி. அஸ்வத். 2009இல் காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான் பாடகர் ரகு தீட்சித்தின் முதல் ஆல்பம் வந்திருந்தது. லுங்கியும் சலங்கையுமாக மேடையேறி அதே ஷரீஃபைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். இரண்டு பேருடைய பதிவும் என் போனில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாம் தடவைப் பாட்டு எதிலும் இல்லை.

சரி, உங்கள் முறை.

வைட்ஃபீல்ட் நைட் ஷிஃப்ட்

அண்ணா, உங்களுக்கு நல்ல அரங்கு அமைந்துவிட்டது. எனக்கு அமைந்தது ஒரு பப். பேர் வேண்டாம்.

பாடியவர் இளைஞர். சொந்த ஊரில் மழை இல்லாமல் அப்பா போர் போட்டுப் போட்டுக் கடனாளியான கதையை இந்தியில் பாட்டாக எழுதியிருந்தார். நல்ல பாட்டு. அதன் சரணத்தில் பாரில் மிக்ஸி ஓடியது. பின்னால் பெரிய திரையில் ஐபிஎல். விக்கெட் விழுந்ததும் அறையே எழுந்து கத்தியது. பாடகர் நிறுத்திப் பார்த்தார், கைதட்டல் தனக்கில்லை என்று புரிந்ததும் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். நீங்கள் சொல்கிற 'நடுப் பேச்சு' அங்கேயும் இருந்தது. மேசைக்கு மேசை நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோட்டல், பார்களில் நேரடி இசைக்குத் தனி உரிமம் வேண்டும் என்று இங்கே 2005இல் போலீஸ் ஆணை ஒன்று வந்தது. அதை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதன் பிறகு கெடுபிடி அதிகமாகி, இந்திராநகரில் பல இடங்களில் கிட்டார் சத்தமே நின்றது. 2013இல் ஆரம்பித்த ஹம்மிங் ட்ரீ என்ற இசைக் கூடத்தையும் 2019இல் மூடிவிட்டார்கள். புதுப் பாட்டோடு வருகிறவர்களுக்கு அது நல்ல மேடையாக இருந்தது. இப்போது அவர்கள் புத்தகக் கடை, கலாசார மையம், யாராவது வீட்டு மொட்டை மாடி என்று பிரிந்து போய்விட்டார்கள். பாட்டுக்கு அது நல்லதுதான் என்பேன். மொட்டை மாடியில் மிக்ஸி கிடையாது.

நாகர்கோவில் மருமகள்

ஹலசூர் சார், பாதி பேச்சு பாதி பாட்டு என்பதை நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

வில்லை அடிக்கிற புலவர் இரண்டடி பாடுவார், நிறுத்துவார், கதை சொல்வார். பக்கத்தில் ஒருவர் 'ஆமாம்' போடுவார். அந்த 'ஆமாம்' சும்மா இல்லை. புலவர் மூச்சு விடவும், அடுத்த அடியை யோசிக்கவும், கூட்டத்தில் தூங்குகிறவனை எழுப்பவும் அதுதான் வழி. குடம் அடிக்கிறவர் அந்த இடைவெளியில்தான் சேட்டை காட்டுவார். புலவர் அதே ராத்திரி ஊரில் நடந்த சண்டையைக்கூட நடுவில் செருகிவிடுவார். கலைவாணர் காலத்திலிருந்து வில்லை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தி கதை சொன்னார், குடும்பக் கட்டுப்பாடு சொன்னார். எழுதியதும் அவர், பாடியதும் அவர். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மறுவருஷம் போய்விட்டார். சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்கள் என்று இப்போது தனியாக ஒரு இனமாகப் பேசுகிறார்களே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இங்கே அதே சுகம் எனக்குக் கிடைத்தது கபீர் பாட்டில். ஷப்னம் விர்மானி பெங்களூரில் இருந்துகொண்டு 2003 முதல் கபீரைத் தேடிப் போய்ப் படம் எடுத்தவர். எடுக்கப் போனவர் பாடகியாகவே மாறிவிட்டார். அவர் வைத்திருப்பது நம்ம தம்புரா இல்லை, மத்தியப் பிரதேசத்து மால்வாப் பக்கத்து ஐந்து தந்தித் தம்புரா. பிரஹலாத் டிபானியா என்ற பெரிய கபீர் பாடகர் அந்த ஊர். ஒரு கையில் தம்புரா, இன்னொரு கையில் கர்தால் (சிப்ளாக்கட்டை), வாயில் பாட்டு. இவர்கள் எல்லாம் பாட்டை நடுவில் அப்படியே நிறுத்திவிட்டு ஒரு தோஹா (ஈரடிப் பாட்டு) சொல்வார்கள், அர்த்தம் சொல்வார்கள், விட்ட இடத்தில் தாளம் தவறாமல் ஏறிக்கொள்வார்கள். தம்புரா மட்டும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்தி தகராறு. இருந்தாலும் அந்த நிறுத்தம் வந்ததும் வாய் தானாக 'ஆமாம்' என்றது. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நம்ம சென்னைப் பொண்ணு பிந்துமாலினியும் இங்கேதான் இருக்கிறார். கன்னடப் படத்தில் பாடித் தேசிய விருது வாங்கியவர். கபீர் பாடிவிட்டு அதே மூச்சில் கன்னட வசனம் (பசவண்ணர் மாதிரி ஆட்கள் எழுதிய பக்தி வரிகள்), தமிழ் என்று போவார். சின்ன இடத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

கஹோன் தட்டுகிறவன்

எல்லோரும் பேச்சைப் புகழ்கிறீர்கள். நண்பர்கள் பாடும்போது பின்னால் கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வாசிக்கிறவன் என்ற முறையில் ஒரு எதிர்க்குரல்.

பேச்சு வாழவும் வைக்கும், கொல்லவும் கொல்லும். பாட்டுக்கு முன்னால் பேசினால் போச்சு. "இந்தப் பாட்டு என் பாட்டியின் தனிமையைப் பற்றியது" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவன் எதைக் கண்டுபிடிப்பான்? ஷரீஃப் பாடகர் செய்தது சரி. முதலில் பாட்டு, அப்புறம் பேச்சு, மறுபடி பாட்டு. ஆனால் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? பல பேர் கிட்டாரில் கேபோவை (சுருதி மாற்றும் கவ்வி) மாற்றும் நேரத்தை நிரப்பத்தான் பேசுகிறார்கள். அந்த ஜோக் நேற்றும் அதே இடத்தில் வந்தது, நாளைக்கும் வரும். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும்.

சின்ன அரங்கின் உண்மையான லாபம் சத்தத்தில் இருக்கிறது. பெரிய மைதானத்தில் குரல் உங்களிடம் வருவதற்குள் எத்தனையோ பெட்டி, ஒயர் தாண்டி வருகிறது. சின்ன அறையில் நல்ல பாடகர் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் பாடுவார். நகம் தந்தியில் உரசுவது, மூச்சு இழுப்பது, காலால் தரையில் தாளம் போடுவது எல்லாம் நேராகக் காதுக்கு வரும். அதனால் உட்காரும் இடம் முக்கியம். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் உட்காராதீர்கள். இரண்டாம் மூன்றாம் வரிசை, நடுவில். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் டோலக் மட்டும் குமுறும், சொல் கேட்காது.

இன்னொன்று, பணம். வாசலில் வசூலாவதில் இடத்துக்குப் பங்கு, சவுண்ட்காரருக்குக் கூலி, ஆட்டோ. மிச்சம்தான் பாடகருக்கு. வெளியே போகும்போது மேசையில் கியூஆர் அட்டை இருந்தால் செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

ஹலசூர்க்காரன்

நாகர்கோவில் அம்மா, 'ஆமாம்' போட்டுவிட்டேன். சுப்பு ஆறுமுகம் வில்லை ரேடியோவில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், நேரில் கொடுத்து வைக்கவில்லை.

கஹோன் தம்பி, அதே ஜோக் மறுபடி வருவதில் எனக்குக் குறையே இல்லை. பாட்டும்தான் அதே பாட்டாக மறுபடி வருகிறது. முன்னால் பேசுவது கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பிஜி வாசி

தமிழில் சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே? சென்னையில் கபேர் வாசுகி மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் கேட்பது அபூர்வம். அதனால் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு மொட்டை மாடியில் கேட்டதை எழுதுகிறேன்.

பாடியது ஒரு பொண்ணு. ஐடி வேலை, வார இறுதியில் பாட்டு. தெம்மாங்கு மெட்டு மாதிரி ஒன்றில் பிஜி (பணம் கட்டித் தங்கும் விடுதி) வாழ்க்கையை எழுதியிருந்தாள். மூன்று பேர் அறை, ஒரே பிளக் பாயின்ட், யார் போனுக்கு முதலில் சார்ஜ் என்று சண்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்கன், அதிலும் துண்டைத் தேடித் தூண்டில் போட வேண்டிய குழம்பு. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மலையாளிகள், கன்னடக்காரர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு சரணத்துக்கு அப்புறமும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதனால் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் இரண்டு சிரிப்பு வந்தது. முதலில் நாங்கள், அரை நிமிஷம் கழித்து அவர்கள். இரண்டாவது பாட்டிலேயே அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் சிரிப்பு அடங்கியதும் அவர்கள் பக்கம் திரும்பி, பொறுங்கள், உங்களுக்கும் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டுச் சொன்னாள். கஹோன் அண்ணா, இந்தப் பேச்சை நீங்கள் எந்த ரிகர்சலில் சேர்ப்பீர்கள்?

வழக்கம் போல ஒருத்தர் எழுந்து சினிமாப் பாட்டு கேட்டார். எனக்கே சங்கடமாக இருந்தது. அவள் மறுக்கவில்லை. அந்தப் பாட்டின் பல்லவியை இரண்டு வரி பாடி, அதே சுருதியில் கிட்டாரை நிறுத்தாமல் தன்னுடைய அடுத்த பாட்டுக்குள் போய்விட்டாள். கேட்டவருக்குத் தன் பாட்டு எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை, தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வைட்ஃபீல்ட் நைட் ஷிஃப்ட்

அந்தப் பொண்ணு மறுபடி எப்போது பாடுகிறாள் என்று தெரிந்தால் இங்கே போடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து மெட்ரோ பர்பிள் லைன் வைட்ஃபீல்ட் வரை ஓடுகிறது, இந்திராநகர் வரைக்கும் டிராஃபிக் சாபம் இல்லாமல் வந்துவிடலாம். பிடிஎம் என்றால்தான் கஷ்டம், ஆனாலும் வருவேன்.

புதிதாகச் சேர்ந்தவர்

வணக்கம். ஆறு வயசுப் பையன் இருக்கிறான், ஒரு இடத்தில் உட்கார மாட்டான். இந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் கூட்டி வரலாமா? முறைப்பார்களா?

நாகர்கோவில் மருமகள்

தாராளமாகக் கூட்டி வாங்க. ஆனால் இடம் பார்த்து. ஜே.பி. நகர் ரங்க சங்கரா மாதிரி நாடக அரங்கில் நேரம் கண்டிப்பு. கதவைச் சாத்திவிட்டால் கெஞ்சினாலும் விட மாட்டார்கள். பையன் பாத்ரூம் என்றால் உங்கள் கச்சேரி அதோடு சரி. அங்கே போனால் முன்கூட்டியே போய் கீழே கேன்டீனில் ஏதாவது வாங்கிக் கொடுத்து, பாத்ரூம் வேலையை முடித்துவிட்டு உள்ளே போங்க. முதல் தடவை என்றால் மொட்டை மாடி, புத்தகக் கடை மாதிரி இடம்தான் நல்லது. பாயில் ஓரமாக உட்காருங்க. டோலக், கர்தால் வாசிக்கிறவர் பக்கமாக உட்கார வைத்தால் பையன் அசையவே மாட்டான். வெளியே வந்ததும் வீட்டுக் கரண்டி ரெண்டைக் கேட்பான், அதற்கு நான் பொறுப்பில்லை.