பி0420 குறியீட்டை அழித்துவிட்டு ஆண்டுச் சோதனைக்குப் போகலாமா?

யீஷூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) புதுப்பித்து ஓட்டிவரும் என் பழைய பெட்ரோல் காருக்கு அடுத்த மாதம் ஆண்டுச் சோதனை. இந்த நேரம் பார்த்து ‘செக் என்ஜின்’ விளக்கு எரிகிறது. காரின் கணினி பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0420 என்று வருகிறது. கழிவிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். வண்டியின் ஓட்டத்தில் குறையில்லை, புகையும் தெரியவில்லை. குறியீட்டை அழித்துவிட்டால் போதாதா? கண்ணுக்குத் தெரியாத கழிவுவாயுவைக் காரின் கணினி எப்படிக் கண்டுகொள்கிறது?

சின்மிங் மெக்கானிக்:
கணினி வாயுவை நேரடியாக அளப்பதில்லை, சென்சார்களை வைத்துக் கணிக்கிறது. பெரும்பாலான பழைய கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். காற்றையும் பெட்ரோலையும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே வைத்திருக்கக் கணினி ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதால், முன்சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கியபடியே இருக்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கிவைத்து வேண்டும்போது விடுவதால், பின்சென்சாரில் அந்த ஆட்டம் அடங்கிவிடும். பின்சென்சாரும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், தேக்கும் திறன் குறைந்துவிட்டது என்று கணினி முடிவுசெய்து பி0420ஐப் பதிகிறது. புகை தெரியவில்லை என்பதை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அது வேறு கதை. மிஸ்ஃபயர் (சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். அப்போது வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

ஜூரோங் ஓட்டுநர்:
அழிப்பதால் பயனில்லை. குறியீட்டோடு, பழுது பதிவானபோது என்ஜினின் வேகம், சூடு, சுமை என்ன என்பதைக் காட்டும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ தகவலும் போய்விடும். பட்டறைக்காரருக்குக் கிடைக்கும் நல்ல துப்பு அதுதான். கன்வெர்ட்டர் போன்ற பாகங்களைக் கணினி தானே சரிபார்க்கும் தன்சோதனைகளும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கணினியே பழுதைக் கண்டறியும் இந்த இரண்டாம் தலைமுறை முறை (ஓபிடி-2) கட்டாயம். அங்கே பல மாநிலங்களில் தன்சோதனைகள் முடியாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே சோதனை நிலையத்தில் புகைக்குழாயில் கருவியைச் செருகி வாயுவை அளக்கிறார்கள் என்பதால், விளக்கை அணைத்துவிட்டுப் போனாலும் கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் அந்த அளவீட்டில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

சின்மிங் மெக்கானிக்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்வெர்ட்டரை உடனே மாற்றச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. பின்சென்சாருக்கு அருகே புகைக்குழாய் இணைப்பில் கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றிவிடும். கேஸ்கெட் மாற்றினால் தீரும் வேலை. என்ஜின் ஆயில் எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் படிந்து பழைய கன்வெர்ட்டர் கெட்டிருந்தால், காரணத்தைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதியதும் அதே வழியில்தான் போகும்.

யீஷூன்வாசி:
நன்றி. குறியீட்டை அழிக்காமல் கசிவுச் சோதனை செய்யச் சொல்கிறேன். ஸ்கேனரில் வேறு எதைக் குறித்துக்கொள்ளட்டும்?

சின்மிங் மெக்கானிக்:
என்ஜின் நன்றாகச் சூடானபின் இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும், நீண்டகால எரிபொருள் திருத்தத்தின் (கலவையைச் சரியாக வைக்கக் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதன்) விழுக்காட்டையும் இங்கே பதியுங்கள். அந்த விழுக்காடு கூட்டல் பக்கம் 10ஐத் தாண்டியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது காற்றுக் கசிவும் பெட்ரோல் அழுத்தமும். கன்வெர்ட்டர் அதற்குப் பிறகுதான்.